லிஃப்டில் நீண்ட ஸ்வெட்டர்

அந்த எட்டு மாடி அலுவலகத்தில் லிஃப்டை இயக்குகிறவருக்கு லிஃப்ட் அக்கா என்றே பெயர் நிலைத்துவிட்டது. முக்காலியில் உட்கார்ந்து பொத்தானை அழுத்துவார். அடுத்த நொடி இரண்டு கையும் பின்னல் ஊசிக்குத் திரும்பிவிடும். கீழிருந்து எட்டாவது மாடி போவதற்குள் ஒரு வரிசை முடியும். நடுவில் யாராவது ஏறி வாயைக் கொடுத்தால் முக்கால் வரிசை. கைத்திறன் சுமார்தான். பிடிவாதம்தான் அதிகம்.

அவருக்கு இருந்த ஒரே குறை, கணவரின் தங்கை. வானிலை நிலையத்தில் வேலை பார்க்கும் அந்த நாத்தனாருக்காகப் பின்னிய மூன்று ஸ்வெட்டர்களும் அலமாரியில் தூங்கின. போட்ட ஐந்தாவது நிமிடம் கழற்றிவிடுவாள். "குத்துது அண்ணி, கோவிச்சுக்காதீங்க." அண்ணி கோபித்துக்கொள்ளவில்லை, எண்ணிக்கொண்டார். மூன்று.

இப்போது அவளுக்கு மலை உச்சி நிலையத்துக்கு மாற்றல். இரண்டு வருடம். கிளம்ப ஒரு மாதம் இருந்தது. நான்காவதையாவது அவள் உடம்பில் பார்த்துவிட வேண்டும் என்று அக்கா நூல்கடைக்குப் போனார்.

கடைக்காரர் அங்கோராவை எடுத்துப் போட்டார். முயல் மயிரில் நூற்றது. கையில் வைத்தால் எடையே தெரியவில்லை. கன்னத்தில் வைத்தால் கதகதப்பு மட்டும் தெரிந்தது.

"சூட்டுக்கு இதை அடிச்சுக்க முடியாதும்மா. ஆனா இழுத்தா திரும்பி வராது. ஆட்டு நூலோட சேத்துப் பின்னுங்க."

"குத்தறதே ஆட்டு நூல்தான். அதையே சேக்கச் சொல்றீங்களே!"

முழுக்க முழுக்க முயலிலேயே பின்னினார். லிஃப்டுக்குள் பஞ்சு பறந்தது. கறுப்புக் கால்சட்டைகளில் வெள்ளைப் படலம். யார் படியேறி வந்தார்கள், யார் லிஃப்டில் வந்தார்கள் என்று பார்த்தவுடனே தெரிந்துவிடும். உடம்புக்கு நல்லதென்று தினமும் படியேறுவதாகச் சொல்லிக்கொண்டிருந்த மேலாளர் அந்த வாரம் மாட்டிக்கொண்டார்.

கிளம்ப நான்கு நாள் இருக்கும்போது, செவ்வாய்க்கிழமை, வேலை முடிந்தது. எல்லாரும் பார்க்கட்டும் என்று அக்கா அதை லிஃப்டுக்குள் ஒரு கொக்கியில் மாட்டினார். பிழை அங்கேதான். ஆட்டு நூல் தொங்கினாலும் சுருங்கித் தன் அளவுக்கு வந்துவிடும். முயல் நூலுக்கு அந்தப் பழக்கம் இல்லை. புதன் காலையில் ஸ்வெட்டர் முழங்கால்வரை இறங்கியிருந்தது.

"என்னக்கா, மலைக்கே போத்திவிடறீங்களா?" என்றார் மூன்றாம் மாடித் தட்டச்சர்.

பிரிக்கலாமென்றால் இழைகள் ஒன்றையொன்று கட்டிப்பிடித்துக்கொண்டு விட மறுத்தன. கடைக்காரருக்குப் போன் போட்டார். அன்றைக்கே சொன்னேனே என்று அவர் ஆரம்பிக்கவில்லை; அந்த அளவுக்கு நல்ல மனிதர். "பையில கட்டி ஃப்ரீசர்ல வைங்கம்மா. சில்லுன்னு ஆனா பஞ்சு படிஞ்சிடும், அப்புறம் பிரியும்."

அலுவலகத்தில் ஃப்ரீசர் இருந்தது கேன்டீனில்தான். கேன்டீன் மாஸ்டர் பையை எட்டிப் பார்த்துவிட்டுப் பின்வாங்கினார். "அக்கா, முயலெல்லாம் நம்ம மெனுவுல கிடையாது."

"மூடிட்டு உள்ள வைப்பா."

மறுநாள் நூல் சொன்ன பேச்சைக் கேட்டது. தட்டச்சர் உருண்டை சுற்ற, அக்கா பிரித்தார். இன்னொரு ஸ்வெட்டருக்கு நாள் இல்லை. அப்போதுதான் நாத்தனார் சொறிவது கண்முன் வந்தது. கழுத்து, மணிக்கட்டு. முதுகை ஒருநாளும் சொறிந்ததில்லை. அங்கே சட்டை இருக்கிறதே! மூன்று ஸ்வெட்டர் பின்னியவர் ஒருமுறைகூட இதைக் கவனிக்கவில்லை.

அலமாரியிலிருந்து மூன்றாவது ஸ்வெட்டரை எடுத்தார். கழுத்துப் பட்டையையும் கைப்பட்டைகளையும் பிரித்தெடுத்துவிட்டு, அங்கே மட்டும் அங்கோராவில் பின்னினார். தாங்குவதற்கு ஆடு, தொடுவதற்கு முயல்.

வெள்ளி மத்தியானம் விடைபெற லிஃப்டுக்கே வந்த நாத்தனார் ஸ்வெட்டரைப் பார்த்ததும் முகம் சுளித்தாள்.

"இது அந்த மூணாவதுதானே அண்ணி?"

"போட்டுத்தான் பாரேன்."

போட்டுக்கொண்டாள். அக்கா எட்டாவது மாடிக்கு அழுத்தினார். இரண்டு, மூன்று, நான்கு. நாத்தனாரின் கை கழுத்துக்குப் போனது. கை சொறியவில்லை, பட்டையை இழுத்து மோவாய்வரை ஏற்றிவிட்டது.

"அங்க குவார்ட்டர்ஸ் ரெண்டே ரூமாம் அண்ணி, தண்ணி காலையில மட்டுந்தான் வருமாம்..."

எட்டாவது மாடி போய்க் கீழே வரும்வரை குவார்ட்டர்ஸ் பேச்சுதான். ஸ்வெட்டரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கதவு திறந்ததும் அவள் மத்தியான வெயிலில், மோவாயில் ஒட்டிய வெள்ளைப் பஞ்சோடு, ஸ்வெட்டரைக் கழற்ற மறந்து நடந்து போனாள்.