அரை அளவு வயலின்

எங்கள் பள்ளிக்கு வயலின்கள் வந்து இறங்கிய அன்று, சத்துணவு சமைக்கும் அம்மாதான் முதலில் ஓடிவந்து பார்த்தார். அரிசி மூட்டை ஏற்றிவரும் வண்டி என்று நினைத்து வெளியே வந்தவர், கறுப்புக் கறுப்பாகப் பெட்டிகள் இறங்குவதைக் கண்டு நின்றுவிட்டார்.

"இன்னா டீச்சர் இது, எலெக்‌ஷன் பொட்டி மாதிரி கீது?"

வயலின் என்றேன். "கல்யாணத்துல வாசிப்பாங்களே, அதுவா? நம்ம பசங்களுக்கா?" என்று கேட்டுவிட்டு, ஒரு பெட்டியை மெல்லத் தடவிப் பார்த்தார்.

நெம்மேலிக்கும் திருவிடந்தைக்கும் நடுவே, கிழக்குக் கடற்கரைச் சாலையிலிருந்து சற்று உள்ளே தள்ளி இருக்கிறது நான் வேலை பார்க்கும் ஆரம்பப் பள்ளி. கூடுவாஞ்சேரியிலிருந்து கேளம்பாக்கம் வந்து, அங்கே பஸ் மாறி தினமும் வருகிறேன். நான்காம் வகுப்பும் ஐந்தாம் வகுப்பும் என் பொறுப்பு. எனக்குச் சங்கீதம் தெரியாது. ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகளுக்கு வயலின் கற்றுக்கொடுக்கும் திட்டம் ஒன்றுக்கு ஓர் அறக்கட்டளை எங்கள் பள்ளியைத் தேர்ந்தெடுத்தபோது, 'இருக்கிற பாடத்தை முடிக்கவே நேரம் போதவில்லை' என்றுதான் எனக்குத் தோன்றியது.

கற்றுக்கொடுக்க வந்தவர், சங்கீதக் கல்லூரி முடித்து ஓரிரு வருடங்களே ஆன ஒரு பெண். சென்னையிலிருந்து ஸ்கூட்டரில் வருவார். பிள்ளைகள் அவரை 'வயலின் மிஸ்' என்றார்கள். முதல் நாள் அவர் வயலினைத் தொடவே இல்லை. அளவுநாடாவை எடுத்து, ஒவ்வொரு பிள்ளையின் இடது கையையும் நீட்டச் சொல்லி, கழுத்திலிருந்து உள்ளங்கைவரை அளந்தார். கை நீளத்துக்குத் தகுந்த வயலினைத்தான் கொடுக்க வேண்டும், பெரிதாகக் கொடுத்தால் விரல் எட்டாமல் பிள்ளை வெறுத்துவிடும் என்றார்.

வயலின்கள் குறைவு, பிள்ளைகள் அதிகம். ஒன்றை இரண்டு பேர் பகிர்ந்துகொள்வதாக ஏற்பாடு. எல்லா ஜோடியும் எப்படியோ அமைந்துவிட்டது. கடைசியில் மிஞ்சியது அரை அளவு வயலின் ஒன்று. அதற்குப் பொருந்திய கைகள் வகுப்பில் இரண்டு பேருக்குத்தான் இருந்தன. இருவரும் ஐந்தாம் வகுப்புப் பெண்கள். ஒருத்தி வேன் ஓட்டுபவரின் மகள். இன்னொருத்தி மெயின் ரோட்டில் டிபன் கடை வைத்திருப்பவரின் மகள். அவர்கள் பெயர்கள் அடுத்தடுத்து வாசிக்கப்பட்டதும் வகுப்பே திரும்பி அவர்களைப் பார்த்தது.

காரணம் ஊருக்கே தெரியும். அந்த இரண்டு அப்பாக்களும் பங்காளிகள், ஒரே தாத்தாவின் பேரன்கள். பக்கத்துப் பக்கத்து வீடு. நடுவில் இருந்த சந்து யாருக்கு என்ற சண்டையில் ஒருவர் மேல் ஒருவர் போலீஸ் ஸ்டேஷனில் புகார் கொடுத்து, வழக்கும் போட்டு, கடைசியில் சந்தின் நடுவே சுவர் எழும்பிவிட்டது. நல்லது கெட்டதுக்குக் கூட இரு வீட்டாரும் பேசிக்கொள்வதில்லை. அவர்கள் கை நீளம் ஒன்றாக இருந்ததில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. ஒரே குடும்பத்துக் கைகள்.

மறுநாள் காலையில் வேன்காரர் பள்ளி வாசலில் நின்றார்.

"டீச்சர், அந்த வூட்டுக்குப் போயி வர்ற பொருளு எங்க வூட்டுக்குள்ள வரக் கூடாது. வேற யாராவது கூட சேத்து வுடுங்க."

"வேற யாருக்கும் அந்த வயலின் பொருந்தலங்க. உங்க பொண்ணுக்கு வேணாம்னா அந்தப் பொண்ணு மட்டும் கத்துக்கட்டும்."

நான் தந்திரமாகச் சொல்லவில்லை. உண்மை நிலைமை அதுதான். ஆனால் அவர் முகம் மாறியது. கொஞ்ச நேரம் செருப்பால் மணலைக் கிளறிக்கொண்டிருந்தவர், "அப்ப அப்டியே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். டிபன் கடைக்காரரிடமும் ஏறக்குறைய இதே பேச்சு, இதே முடிவு.

ஒரு நாள் இவள் வீட்டுக்கு எடுத்துப் போவாள், மறுநாள் காலை பள்ளிக்குக் கொண்டுவருவாள், அன்று மாலை அவள் எடுத்துப் போவாள். பெரியவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கத் தேவையே இல்லை. நான் நினைத்துப் பார்க்காத ஒரு விஷயம், வயலின் சத்தத்துக்குச் சுவர் ஒரு தடை இல்லை என்பது. தொடக்கத்தில் வயலின் எப்படிக் கத்தும் என்பது கேட்டவர்களுக்குத் தெரியும். டிபன் கடைக்காரரின் மனைவி ஒருநாள் என்னிடம் சொன்னார்: "மொற வெச்சுத்தான் அனுப்புறீங்க டீச்சர். ஆனா எங்களுக்குத் தெனமும் கீது." கொஞ்சம் யோசித்துவிட்டு, "நேத்து அந்தப் பொண்ணு ரெண்டாவது வரிசைல தப்பு தப்பா இழுத்துக்கினு இருந்துச்சு. எங்க பொண்ணு உள்ள இருந்துகினே, ஐயோ மேல புடிடின்னு மொணகறா" என்றார். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் கோபமில்லை.

பொங்கல் விடுமுறை முடிந்து பள்ளி திறந்த அன்று, வேன்காரர் மகள் பெட்டியை என் மேஜைமேல் வைத்துவிட்டுத் தலைகுனிந்து நின்றாள். பக்கத்திலேயே மற்றவளும். திறந்து பார்த்தேன். கம்பிகள் எல்லாம் தொளதொளவென்று கிடந்தன. கம்பிகளைத் தாங்கி நிற்கும் சிறிய மரத்துண்டு, 'குதிரை' என்பார்கள், சாய்ந்து விழுந்திருந்தது. எடுத்து அசைத்தால் உள்ளே ஏதோ உருண்டது.

"யார் கையில் இருந்தப்ப ஆச்சு?"

"தெரியாது டீச்சர்" என்றாள் ஒருத்தி. "லீவுல ரெண்டு பேருமே வெச்சிருந்தோம்" என்றாள் மற்றவள்.

பள்ளி மூடியிருந்ததே, எப்படிக் கை மாறியது என்று கேட்டேன். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு வேன்காரர் மகள் நிதானமாகச் சொன்னாள்: "சொவத்து மேல குடுத்துக்கினோம் டீச்சர். கீழ தண்ணி டிரம்மு மேல ஏறி."

மதியத்துக்குள் செய்தி இரண்டு வீடுகளுக்கும் போய்விட்டது. அப்பாக்கள் இருவரும் தனித்தனியாகக் கிளம்பி ஒரே நேரத்தில் வந்து சேர்ந்தார்கள். தலைமையாசிரியர் அறையில் இரண்டு மூலையில் நின்று, ஒருவரிடம் ஒருவர் பேசாமல், எல்லாவற்றையும் என்னிடமே சொன்னார்கள்.

"அவங்க பொண்ணுதான் கீழ வுட்டுக்கீது, டீச்சர். கேட்டுச் சொல்லுங்க" என்றார் வேன்காரர்.

"எங்க பொண்ணு வாங்கும்போதே லொடலொடன்னுதான் இருந்துச்சுன்னு சொல்லுங்க, டீச்சர்."

வயலின் மிஸ் அந்த வாரம் ஊரில் இல்லை. போனில் பேசியபோது, சென்னையில் பழுது பார்க்கும் ஒருவரின் இடத்தைச் சொன்னார். வேன்காரர் எப்படியும் மறுநாள் சவாரிக்காகச் சென்னை போகிறார், தானே எடுத்துப் போவதாகச் சொன்னார். உடனே டிபன் கடைக்காரர் சுவரைப் பார்த்தபடி, "நானும் வர்றேன். அங்க போயி எம்பொண்ணு மேல பழியப் போட்டுட்டு வந்துட்டா?" என்றார்.

வேன்காரர் பெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டார். வேண்டாம் என்று சொல்லவில்லை.

அந்தப் பயணத்தை நான் பார்க்கவில்லை. திரும்பி வந்த பிறகு இருவரும் தனித்தனியாக என்னிடம் சொன்னார்கள். முன்சீட்டில் இருவர், நடுவில் வயலின் பெட்டி. கோவளம் தாண்டும்வரை மற்றவர் வாயே திறக்கவில்லை என்று ஒவ்வொருவரும் சொன்னார். அதன்பிறகு யார் முதலில் பேசியது என்பதை இருவருமே சொல்லவில்லை. ஆனால் ஒரு விஷயத்தில் இருவர் பேச்சும் ஒத்துப்போனது. பழுது பார்த்தவர் வயலினைக் கையில் வாங்கிக் காதருகே வைத்து ஆட்டிப் பார்த்துவிட்டு, யாரும் கீழே போடவில்லை என்று சொல்லிவிட்டார். உள்ளே ஒரு சிறு குச்சி நிற்குமாம். உப்புக் காற்றிலும் சூட்டிலும் மரத்தின் ஒட்டு விட்டுப்போனால் கம்பி தளரும், குச்சி தானாகவே விழும். "கடலோரத்துல கீற வூட்ல வெச்சா அப்டித்தான் ஆவும்" என்று டிபன் கடைக்காரர் எனக்கே பாடம் நடத்தினார். "ரெண்டு வூட்லயும்தான்" என்றும் சேர்த்துக்கொண்டார்.

பழுது பார்த்தவர் சொன்னபடி, இனி வயலின் வீட்டுக்குப் போக வேண்டாம், பள்ளி பீரோவிலேயே இருக்கட்டும் என்று முடிவானது. மதிய இடைவேளையில், சாப்பிட்ட பிறகு கிடைக்கும் கொஞ்ச நேரம்தான் இரண்டு பெண்களுக்கும் பயிற்சி. ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொள்ளச் சொன்னேன். ஒரு நாள் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தபோது, வழக்கத்தைவிட நேரம் கூடுதலாக வாசிப்பு நிற்காமல் கேட்டது. எட்டிப் பார்த்தேன்.

இருவரும் தரையில் ஒட்டி உட்கார்ந்திருந்தார்கள். டிபன் கடைக்காரர் மகள் வயலினை நெஞ்சில் சாய்த்துப் பிடித்து, கம்பிகளில் விரல் வைத்திருந்தாள். வேன்காரர் மகள் வலப்பக்கம் உட்கார்ந்து வில்லை இழுத்துக்கொண்டிருந்தாள். ஒரு வயலினை இரண்டு பேர் வாசித்தார்கள்.

"என்னடி இது?" என்றேன்.

"நேரம் பத்தல டீச்சர். இப்டின்னா ரெண்டு பேருக்கும் முழு நேரம் கெடைக்குது."

அது எவ்வளவு கஷ்டம் என்று எனக்கு அப்போது புரியவில்லை. வயலின் மிஸ் வந்து பார்த்துவிட்டுத்தான் சொன்னார். விரல் மாறும் அதே கணத்தில் வில்லும் திரும்ப வேண்டும். ஒரே ஆளின் இரண்டு கைகளுக்கே அது பிடிபட மாதக்கணக்காகும். இவர்கள் கண்ணால் பார்த்துக்கூடச் செய்யவில்லை. வில் பிடித்தவள் மற்றவளின் தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்து, அவள் மூச்சு விடுவதை வைத்துத் தெரிந்துகொள்கிறாள். மிஸ்ஸுக்கு அதில் வியப்பும் இருந்தது, கவலையும் இருந்தது. "இது சரியான முறையே இல்ல, டீச்சர். தடுக்கணும். ஆனா எனக்கு மனசு வரல" என்றார்.

நானும் எத்தனையோ வருடங்களாகப் பிள்ளைகளைக் குழுவாக உட்காரவைத்துப் பாடம் நடத்துகிறேன். குழுவாக உட்கார்ந்தாலும் அவரவர் வேலையை அவரவர் செய்வதுதான் வழக்கம். ஒருத்தி நிறுத்தினால் இன்னொருத்தியின் வேலையும் நின்றுபோகும்படியான ஒன்றை நான் அவர்களுக்குக் கொடுத்ததே இல்லை. அதை அன்று மதியம்தான் யோசித்தேன். இந்தப் பெண்களுக்கும் அதை யாரும் கொடுக்கவில்லை, நேரம் போதாமல் அவர்களே எடுத்துக்கொண்டார்கள்.

ஆண்டு விழாவுக்கு ஒரு வயலினுக்கு ஒருவர் என்று தேர்ந்தெடுத்து மேடையேற்றுவதாகத் திட்டம். இந்த ஜோடியில் யார் என்று மிஸ் கேட்டபோது, "ரெண்டு பேருந்தான்" என்றார்கள். இல்லாவிட்டால் இருவருமே வரமாட்டோம் என்றார்கள். தலைமையாசிரியர் என்னைப் பார்த்தார். ஏறட்டும் என்றேன்.

பள்ளி வளாகத்தில் பந்தல் போட்டு, வாடகை நாற்காலிகள் பரப்பியிருந்தோம். வேன்காரர் குடும்பம் இடப்பக்கம், டிபன் கடைக்காரர் குடும்பம் வலப்பக்கம். மற்ற பிள்ளைகள் எல்லாரும் சேர்ந்து வாசித்து முடித்த பிறகு இந்த இரண்டு பேரும் தனியாக வந்து உட்கார்ந்தார்கள். ஒட்டி உட்கார்ந்ததும் பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். தொடக்கம் சரியாக வரவில்லை. வில் முந்திக்கொண்டது, விரல் பின்தங்கியது. நிறுத்திவிட்டார்கள். நான் நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டேன். அவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. டிபன் கடைக்காரர் மகள் ஏதோ காதில் சொன்னாள், மற்றவள் தலையாட்டினாள், மறுபடி தொடங்கினார்கள். சின்னப் பாட்டுதான். கடைசிவரை தட்டாமல் வந்தது.

விழா முடிந்து ஐஸ்கிரீம் கொடுக்கும் இடத்தில் இரண்டு அம்மாக்களும் நெரிசலில் அருகருகே மாட்டிக்கொண்டார்கள். "உங்க பொண்ணு கை நல்லா வருது" என்றார் டிபன் கடைக்காரரின் மனைவி, முகத்தைப் பார்க்காமல். "வெரலு உங்க பொண்ணுதுதானே" என்றார் மற்றவர். அவ்வளவுதான். அதற்குமேல் அவர்கள் பேசியதாக எனக்குத் தெரியாது. வழக்கு வாபஸ் ஆகவில்லை. அப்பாக்கள் வழியில் பார்த்தால் இப்போது தலையசைப்பதாகக் கேள்விப்பட்டேன். ஊரில் அதையே பெரிய செய்தியாகப் பேசினார்கள்.

பிள்ளைகளுக்குத்தான் பிறகு சிக்கல் வந்தது. மிஸ் அவர்களைத் தனித்தனியாக வாசிக்கச் சொன்னபோது, இருவராலும் முடியவில்லை. மாதக்கணக்கில் ஒருத்தி வில்லைத் தொடவில்லை, ஒருத்தி கம்பியில் விரல் வைக்கவில்லை. வேன்காரர் மகள் அழுதுவிட்டாள். "பாதிதான் எனக்குத் தெரியும்" என்றாள்.

ஆண்டின் மிச்ச நாள்களில் ஒருத்திக்கு ஒருத்தி சொல்லிக்கொடுத்தார்கள். மதியச் சாப்பாடு முடிந்ததும் ஒருத்தி மற்றவளின் விரலைப் பிடித்து இடத்தில் வைப்பதும், மணிக்கட்டைப் பிடித்து வில்லை நேராக்குவதுமாக இருந்தது. சண்டையும் வந்தது. 'நீ சொல்லித் தர்றதே தப்பு' என்று ஒரு நாள் பேசாமலும் இருந்தார்கள். டிபன் கடைக்காரர் மகளுக்கு வில் சீக்கிரம் வந்துவிட்டது. மற்றவளுக்கு விரல்கள் கடைசிவரை முழுதாகப் பிடிபடவில்லை.

இந்த ஜூனில் இருவரும் ஆறாம் வகுப்புக்கு வேறு பள்ளிக்குப் போய்விட்டார்கள். அங்கே வயலின் கிடையாது. டிபன் கடைக்காரர் மகள் சனிக்கிழமைகளில் எங்கள் பள்ளிக்கு வந்து மிஸ்ஸிடம் தொடர்ந்து கற்கிறாள். கை நீண்டுவிட்டதால் முக்கால் அளவு வயலின் கொடுத்திருக்கிறோம். வேன்காரர் மகளும் கூடவே வருகிறாள், ஆனால் வாசிப்பதில்லை. சுவரோரம் உட்கார்ந்து கேட்கிறாள். தப்பு வந்த இடத்தில் முதலில் நிமிர்வது அவள்தான், மிஸ் அல்ல.

போன வாரம் அவளிடம் கேட்டேன், "உனக்கு வாசிக்கணும்னு ஆசையா இல்லியா?"

"இருந்துச்சு டீச்சர். இப்ப கேக்கறதுதான் புடிச்சிருக்கு" என்றாள்.

அவள் அதை வருத்தமாகச் சொல்லவில்லை. நானும் வருத்தப்பட வேண்டியதில்லை என்று அன்று பஸ்ஸில் வரும்போது நினைத்துக்கொண்டேன்.