மீதி நிலத்துக்கு ஏழு இங்கிலீஷ் சொற்கள்

அடுத்தவர் குறையை இங்கிலீஷில் எழுதிக் கொடுத்துப் பிழைக்கும் தொழில் இது. எழுதியவனுக்கு டீக்காசாவது கிடைக்கும், எழுதச் சொன்னவருக்குப் பதில்கூடக் கிடைக்காது.

அரியலூர் டவுனில் ஒரு ஜெராக்ஸ் கடை வாசலில் என் மேசை. நான் காலேஜ் வாசலை மிதித்தவன் இல்லை. கட்சித் துண்டுப் பிரசுரங்களைப் படித்துத் தமிழ் கற்றேன். அவற்றின் இங்கிலீஷ் மூலங்களை அகராதி வைத்துக்கொண்டு வரி வரியாகப் பிரித்து இங்கிலீஷ் கற்றேன். ஊர்வலங்களில் வாங்கிய அடி முதுகில் இருக்கிறது, கற்ற இங்கிலீஷ் கையில் இருக்கிறது. இரண்டையும் யாரும் இனாமாகக் கொடுக்கவில்லை.

மனுக் கொடுத்துவிட்டுக் காத்திருந்து, வந்த பதிலைப் படித்துச் சொல்ல ஆள் தேடி அலைந்தவர்கள்தானே நீங்களும்? உங்களுக்குத்தான் சொல்கிறேன். நாம் எல்லாவற்றையும் மீதி என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவோம். இங்கிலீஷ்காரன் எது மீதி, எதிலிருந்து மீதி, யாருக்கு மீதி என்று பார்த்துச் சொல்லை மாற்றுவான். அதில் ஏழு சொற்களை நான் நன்றாகக் கற்றது அகராதியில் இல்லை. ராசாத்தியின் முக்கால் ஏக்கரில்.

டவுனுக்குக் கொஞ்சம் தள்ளி, சுண்ணாம்புக்கல் சுரங்கத்தை ஒட்டிய ஊர் அவளுடையது. சுரங்கம் இன்னும் அகலமாக வேண்டும் என்று நிலம் கேட்டார்கள். ஏழு குடும்பங்கள் மட்டும் கொடுக்க மறுத்தன. ராசாத்தி புருஷன் இல்லாதவள், ஐம்பது வயது இருக்கும். அவள் வயல்தான் கடைசி. மற்ற ஆறு பேரும் தங்கள் வரப்பை ஒட்டி விட்டுக்கொடுத்திருந்த பாதையில்தான் அவள் மாடு, வண்டி, பருத்தி மூட்டை எல்லாம் போய் வர வேண்டும். அந்தப் பாதை எந்தப் பட்டாவிலும் இல்லை. விட்டுக்கொடுத்தவர்களின் நல்ல மனசில் மட்டும் இருந்தது. என்னிடம் வந்த முதல் நாளே அவள் சொன்னாள்: “அண்ணே, எனக்கு நிலத்த மட்டும் காப்பாத்துனா பத்தாது. அவங்க வித்தா எனக்குப் பாதை போச்சு.”

ரெஸ்ட்

ஒரு கூட்டத்தில் சிலரைக் குறிப்பிட்டுவிட்டு, மற்றவர்களைத் தனித்தனியாகச் சொல்லத் தேவையில்லை என்று நினைத்தால் ‘ரெஸ்ட்’ என்று சொல்வார்கள். ஓய்வு என்று பொருள் தரும் சொல்லும் பார்க்க இப்படியேதான் இருக்கும். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

நிலத் தரகர் ஒருவர் வெள்ளைச் சட்டை கசங்காமல் ஏழு பேரின் வேப்பமரத்தடிக் கூட்டத்துக்கு வந்தார். “கோவிந்தராசு அண்ணன் ஒருத்தர் சரின்னு சொல்லட்டும், ரெஸ்ட் எல்லாம் தானா பின்னாடியே வந்துடும்” என்று என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். எனக்கும் இங்கிலீஷ் தெரியும் என்ற மரியாதை போலிருக்கிறது. அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று எல்லாருக்கும் கேட்கும்படி எடுத்துச் சொன்னேன். ராசாத்தி எழுந்து முந்தானையை உதறிச் செருகிக்கொண்டாள்.

“ஆடு மாட்டத்தான் தம்பி அப்புடிச் சொல்லுவாங்க. எங்க ஏழு பேருக்கும் பேரு இருக்கு.”

பேலன்ஸ்

இது கணக்குக்கும் தராசுக்கும் உரிய சொல். வரவில் செலவு போக நிற்பது பேலன்ஸ். நம் பக்கத்தில் அதை எல்லாவற்றுக்கும் போடுகிறோம். பேலன்ஸ் சோறு, பேலன்ஸ் வேலை, பேலன்ஸ் ஆள். மனுவில் அப்படி எழுத என் கை வராது.

ஏழு பேரில் குரல் பெரியது கோவிந்தராசுவுடையது. கோஷம் போட்டால் டவுன் பஸ்ஸில் போகிறவர்கள் எட்டிப் பார்ப்பார்கள். தரகர் அவரைப் பாடாலூர் ரோட்டுக் கடைக்கு அழைத்துப் போய்ப் பிரியாணி வாங்கிக் கொடுத்தார் என்று கேள்விப்பட்டபோதுகூட நான் சந்தேகப்படவில்லை. பிரியாணியில் விழுகிற ஆளா என்று இருந்துவிட்டேன். அடுத்த வாரம் புதுச் செருப்போடு என் மேசைக்கு வந்து நின்றார். நிலத்தைக் கொடுத்தாகிவிட்டது. பாதையில் முதல் துண்டு அவருடைய வரப்பு. நான் பேனாவை மூடி வைத்துவிட்டு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“ஏன் தோழர் அப்புடிப் பாக்குறீங்க? நான் ஒருத்தன் போனா என்ன, பேலன்ஸ் ஆறு பேரு இருக்காங்கல்ல!”

ரெசிட்யூ

எரித்த பின், வடிகட்டிய பின், காய்ந்த பின் அடியிலோ மேலேயோ ஒட்டிக்கொண்டு நிற்பது ரெசிட்யூ. நாம் விரும்பி வைத்துக்கொள்கிற மீதி அல்ல. போகமாட்டேன் என்கிற மீதி. சுரங்கத் தூசு பனியோடு பருத்தி இலையில் இறங்கும். வெயில் ஏறினால் பனி போய்விடும், தூசு மாவு பூசியதுபோல் அப்படியே நிற்கும். இதற்கு இதைவிடச் சரியான சொல் இங்கிலீஷில் கிடையாது. மனுவில் அதைப் போட்டபோது எனக்கே ஒரு பெருமை.

பார்வையிட அதிகாரி ஒருவர் வந்தார். எப்போது வந்தார்? ராத்திரி முழுக்கக் கொட்டிய மழைக்கு மறுநாள் காலையில். வயல் குளித்துவிட்டு வந்த பிள்ளைபோலப் பளபளவென்று நின்றது. ராசாத்தி இலை இலையாகத் திருப்பிக் காட்டினாள். அடிப்பக்கமும் சுத்தம். நாலு நாள் கழித்து வாருங்கள் என்று கெஞ்சினோம். அவர் என் மனுவை இன்னொரு தடவை படித்துவிட்டு என் தோளைத் தட்டினார்.

“இங்கிலீஷ் பிரமாதம் பெரியவரே. ரெசிட்யூவத்தான் காணோம்.”

ரெம்னன்ட்

தூசு படிந்த பருத்திக்கு விலை இல்லை என்று ஆனதும் மேலும் நான்கு குடும்பங்கள் கொடுத்துவிட்டன. எஞ்சியவர்கள் ராசாத்தியும் தங்கவேலுவும். டவுனில் உண்ணாவிரதம் உட்காருவது என்று முடிவெடுத்தோம். பேனருக்குத் துணி வாங்கப் பெரம்பலூர் போனேன். அங்கே ஒரு பாயின் துணிக்கடையில்தான் எனக்கு வாடிக்கை. ஒரு காலத்தில் கொடிக்கும் பேனருக்கும் முழுத் துணிச் சுருளை, கடைக்காரர் பாஷையில் ‘தானை’, அப்படியே எடுத்துத் தோளில் சுமந்து வந்தவன் நான்.

தானில் வெட்டி விற்றது போகக் கடைசியில் நிற்கும் துண்டுதான் ரெம்னன்ட். நம் கடைகளில் கட்பீஸ் என்கிறார்கள். ஒரு பெரிய கூட்டம் கரைந்து கொஞ்சம் பேர் நின்றாலும் இதே சொல்லைப் போடலாம். இதை யாரும் எனக்கு விளக்க வேண்டியதில்லை. “எத்தன பேரு புடிக்கிறதுக்கு?” என்று பாய் கேட்டார். என்னையும் சேர்த்து மூன்று என்றேன். துணித் தான் பக்கம் நீண்ட கையை அவர் மெதுவாக மடக்கிக்கொண்டார்.

“அப்ப கட்பீஸே போதும் தோழரே. காசு வேணாம், எடுத்துட்டுப் போங்க. நல்லபடியா முடியும், இன்ஷா அல்லாஹ்.”

லெஃப்ட்ஓவர்

இது சாப்பாட்டுக்கு. பந்தி முடிந்து அண்டாவில் நிற்பது. உண்ணாவிரதப் பந்தலுக்கு இரண்டு தெரு தள்ளித் தரகர் வீட்டுக் காதுகுத்து. நாலாம் நாள் மத்தியானம், மிஞ்சிய சோறும் சாம்பாரும் தூக்குச் சட்டியில் பந்தலுக்கே வந்து இறங்கியது. ராசாத்தி அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. ஒன்றுக்குப் போய்விட்டு வருகிறேன் என்று எழுந்த தங்கவேலு திரும்பவில்லை, சட்டியையும் காணோம், தேடிப்போனேன். சுவருக்குப் பின்னால் சட்டியோடு இருந்தார். மூன்று பேர் பிடித்த பேனரை அன்று சாயங்காலம் இரண்டு பேர் சுருட்டினோம். அவர் நிலம் அடுத்த மாதம் போயிற்று.

“திட்டாதீங்க தோழர், வயித்துக்குக் கொள்கை தெரியல. சாம்பாரு வேற நல்லாருந்துச்சு.”

ரிமெய்ன்ஸ்

செத்தவர் உடலுக்கும், இடிந்த கோட்டைக்கும், மண்ணுக்குள் கல்லாகிப்போன உயிர்களுக்கும் இந்தச் சொல். எங்கள் பூமி ஒரு காலத்தில் கடலாக இருந்ததாம். நத்தை, சங்கு, கிளிஞ்சல் எல்லாம் கல்லாகிக் கிடக்கின்றன. ராசாத்தி வீட்டுக் கதவுக்கு முட்டுக் கொடுத்திருப்பதே தேங்காய் மூடி அளவு ஒரு கல் நத்தைதான்.

வெளியூர்ப் பேராசிரியர் ஒருவர் மாணவர்களோடு சுரங்கத்துக்கு வந்தார். தங்கமான மனிதர். அவர் பேசப் பேச ஊர்க்காரர்களுக்கு நான் தமிழில் சொன்னேன். இந்த ரிமெய்ன்ஸ் விலை மதிப்பில்லாதவை, ஒரு பகுதியையாவது வேலி போட்டுக் காக்க வேண்டும் என்றார். கூட வந்த அதிகாரிகள் தலையாட்டினார்கள். கொஞ்ச நாளில் ஒரு மூலையில் வேலி எழும்பியது. பொக்லைன் அந்த மூலையைத் தொடாமல் ஒதுங்கிப் போனது. அது ஒதுங்கிப் போன பக்கம்தான் ராசாத்தியின் பாதையில் மிச்சமிருந்த துண்டு. அதுவும் பள்ளமாயிற்று.

“செத்துக் கல்லாப்போன நத்தைக்கு வேலி போடுறாங்க. நான் இன்னும் சாவலன்னு இங்கிலீஷ்ல எழுதுங்கண்ணே.”

ரிமெய்ண்டர்

எழுதினேன். என் ஆயுளில் நான் எழுதிய மனுக்களிலேயே நல்ல மனு அது. அதிசயமாக அதற்குப் பதிலும் வந்தது. மறுத்தவர்கள் நிலத்தில் மற்றதெல்லாம் பெறப்பட்டுவிட்டது, ‘ரிமெய்ண்டர்’ சுரங்கத்துக்குத் தேவையில்லை, அது மனுதாரருக்கே சொந்தம், ஆகவே மனு முடித்து வைக்கப்படுகிறது. ரிமெய்ண்டர் பள்ளிக்கூடத்துக் கணக்கில் வருகிற சொல். வகுத்த பிறகு வகுபடாமல் நிற்பது. ஏழு பேரில் வகுபடாதவள் ராசாத்தி ஒருத்திதான். படித்துச் சொன்னேன். ஜெயித்துவிட்டோம் என்றும் சொன்னேன். அந்த வார்த்தையைச் சொல்லி ரொம்ப நாளாயிற்று, நாக்கில் ஒட்டவில்லை.

அவள் என்னை பஸ் ஏற்றிக் கூட்டிப்போனாள். சுரங்கத்தின் இந்தக் கரையில் போய் நின்றோம். நடுவில் பனைமரம் முழுகும் பள்ளம். பள்ளத்துக்கு நடுவே, நாலு பக்கமும் செங்குத்தாக வெட்டி விட்ட மண்மேடை. அதன் உச்சியில் அவளுடைய முக்கால் ஏக்கர், கிணறு, ஒரு முருங்கை மரம். பருத்தி வெடித்து வெள்ளையாக நின்றது. பறிக்க ஆள் போக வழியில்லை. உள்ளே இறங்க விடமாட்டோம் என்று காவலாளி ஏற்கனவே இரண்டு முறை அவளைத் திருப்பி அனுப்பியிருந்தான். பாதை கேட்டு வழக்குப் போடலாம் என்று வக்கீல் சொல்லியிருந்தார். வழக்கு முடிகிறவரை பருத்தி காத்திருக்காது, அவள் முழங்காலும் காத்திருக்காது. காற்று அடித்தது. வெடித்த பஞ்சு காயிலிருந்து கழன்று ஒவ்வொன்றாகப் பள்ளத்துக்குள் இறங்கியது. ராசாத்தி பதில் தாளை நாலாக மடித்து என் சட்டைப் பையில் வைத்தாள்.

“நீங்களே வச்சுக்கங்கண்ணே. எனக்குச் சொந்தம்னு எழுதியிருக்காங்க, சரி. அங்க பஞ்சு எடுக்க நான் எப்புடிப் போறது?”

இத்தனைக்கும் பிறகு இந்தத் தொழிலில் எனக்கு மீதி, பிழையில்லாத இங்கிலீஷ் ஒன்றுதான்.