ரெண்டாவது கரண்டி

பள்ளிக்கூடச் சாப்பாட்டறையில் சோறு போடுகிறவளுக்குப் பிள்ளைகள் வைத்த பேர் கரண்டியக்கா. பெண்கள் மட்டும் படித்த காலத்தில் அவள் கைக்கு ஓய்வே இருக்காது. "அக்கா, இன்னும் கொஞ்சம்" என்று தட்டை நீட்டுவார்கள். வயிறு முட்டத் தின்றுவிட்டு மைதானத்தில் போய் ஆட்டம் போடுவார்கள். அவள் மகளும் அதில் ஒருத்தி.

பக்கத்து ஆண்கள் பள்ளியை மூடிப் பையன்களை இங்கே சேர்த்தார்களோ இல்லையோ, வந்தது வினை. மைதானம் பையன்களுக்கு, படிக்கட்டு பெண்களுக்கு என்று ஆகிப்போனது. சோறு அண்டாவோடு மிஞ்சியது. எல்லாம் ஒரு நெட்டைப்பயலால். எந்தப் பெண் மறுபடி தட்டை நீட்டினாலும், "டேய், ரெண்டாவது ரவுண்டு டோய்" என்று கூவுவான். கூட்டம் சிரிக்கும். ஒருநாள் கரண்டியக்கா மகளையே பார்த்துக் கூவினான். அன்றிலிருந்து அவள் மதியம் பட்டினி. வீட்டில் அம்மா போட்டால் மட்டும் சாப்பிடுவாள். ஒரு நாள் வகுப்பிலேயே மயங்கி விழுந்தாள்.

கரண்டியக்காவுக்கு வயிறு பற்றி எரிந்தது. வாத்தியாரிடம் போய்ச் சொன்னாள்.

"சின்னப் பசங்க, விளையாட்டுக்குச் சொல்றாங்க. விடுங்கம்மா," என்றார் அவர்.

விடுவாளா? அந்தப் பயலைத் தலைகுனிய வைக்காமல் ஓய்வதில்லை என்று கறுவிக்கொண்டாள்.

மறுநாள் அவன் மறுசோற்றுக்கு வந்ததும் கரண்டியால் அண்டாவின் விளிம்பில் டங்கென்று தட்டினாள். "தம்பிக்கு ரெண்டாவது தடவை. அண்டாவையே கவுத்துடவா?" என்று அறை முழுக்கக் கேட்கும்படி கேட்டாள். கொல்லென்று சிரிப்பு. அவன் காது சிவந்ததைப் பார்த்ததும் அவளுக்கு அப்படியொரு குளிர்ச்சி. தினமும் தட்டினாள், தினமும் கேட்டாள். கடைசியில் அவன் சாப்பாட்டறைப் பக்கமே தலைகாட்டுவதில்லை. 'வேணும், நல்லா வேணும்' என்று வீடுவரை முனகிக்கொண்டே நடந்தாள்.

மகளுக்குச் சோறு போட்டுக்கொண்டே சொன்னாள்: "அவனை விரட்டிட்டேன்டி. நாளைலேருந்து தைரியமா வந்து சாப்பிடு."

மகள் தட்டைத் தொடவில்லை. "முன்னாடி அவன் இல்லாத நேரமாப் பாத்து பொண்ணுங்க ரெண்டாவது தடவை வாங்குவாங்க. இப்ப யாருமே வர்றதில்ல. யாரு எத்தனை தடவை வாங்குறாங்கன்னு நீயும் எண்ணுறேன்னு பயப்படுறாங்கம்மா."

"உங்களை எதுக்குடி எண்ணப்போறேன்? அவனைத்தானே சொன்னேன்."

"தெரியும்மா," என்றாள் மகள். "ஆனா எனக்கும் உன் முன்னாடி சாப்பிட முடியல."

தட்டைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்து உள்ளே போனாள்.