வடிகட்டியில் தங்காதவை

சிவப்பு மார்க்கரால் 'வேஸ்ட்' என்று எழுதிய ஓர் எக்ஸ்ரே பிலிம் என்னிடம் இருக்கிறது. எழுதியவர் எங்கள் துறைத் தலைவர். இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகள் அவை. வேலூரில் ஒரு சின்ன ஆய்வுக்கூடத்தில் நான் டெக்னீஷியன். வைரஸ் காய்ச்சலோடு வந்தவர்களின் ரத்தத்தில் மைக்ரோ ஆர்என்ஏ என்னும் மிகச் சிறிய துண்டுகளைத் தேடினேன். ஆர்என்ஏவை அளவுவாரியாகப் பிரித்து எக்ஸ்ரே பிலிமில் பதிவெடுத்தால் சின்னவை அடியில் கோடாக விழும்; என் பிலிமின் அடியில் ஒரு கறுப்புக் கோடு விழுந்தது. தலைவர் அதை எல்லோர் முன்னாலும் தூக்கிக் காட்டினார்.

"இன்னாம்மா இது? ஆர்என்ஏ உடைஞ்சு கீழ எறங்கியிருக்கு. புழுவுல எவனோ பார்த்தான்னா மனுஷனுக்கும் இருக்கணுமா? பேரணாம்பட்டு டேனரின்னு நெனச்சியா, கண்டபடி ஊறப் போட?"

என் அப்பா பேரணாம்பட்டில் தோல் ஊறும் தொட்டியில் நின்று எங்களைப் படிக்க வைத்தவர். எல்லோரும் சிரித்தார்கள். பிலிமைக் குப்பைக்கூடையிலிருந்து நான்தான் எடுத்து வந்தேன்.

அது உடைசல் இல்லை என்று எனக்குத் தெரியும். உடைந்திருந்தால் ஈஷின மாதிரி பரவியிருக்கும், ஒரே இடத்தில் கோடாக நிற்காது. வைரஸ் நுழைந்தால் எதிர்ப்பு அணுக்கள் கூச்சல் போட்டு மற்றவற்றை எழுப்பும். அந்தக் கூச்சல் எல்லை மீறாமல் அடக்குவது இத்தகைய சில துண்டுகளின் வேலை. வைரஸ் ஓயுமுன்பே அடக்கிவிட்டால் வைரஸுக்குத்தான் கொண்டாட்டம். காய்ச்சல் முற்றியவர்களிடம் ஒரு வகைத் துண்டு மட்டும் ஜாஸ்தியாக இருந்தது. மூன்று வருஷம், வேலை நேரம் போக, திரும்பத் திரும்பப் பார்த்து நோட்டில் எழுதினேன். கட்டுரையில் என் பெயர் வந்தால் முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்யலாம். அது ஒன்றுதான் என் ஆசை.

அதற்குள் உலகமே மைக்ரோ ஆர்என்ஏ என்று பேச ஆரம்பித்துவிட்டது. தலைவர் என் நோட்டுகளை வாங்கிக்கொண்டார். கட்டுரை தயாரானபோது அவர் பெயரும் இரண்டு மாணவர்கள் பெயரும் இருந்தன. நான் கடைசியில், நன்றி சொல்லும் வரியில் கிடந்தேன். கேட்டதற்கு, "நீ கை வேலை செஞ்சேம்மா, மூளை வேலை நாங்க செஞ்சோம்" என்றார். அந்த வாரமே வேலையை விட்டு ஆம்பூரில் ஒரு கல்லூரி ஆய்வகத்தில் சேர்ந்தேன். அவர் நாசமாகப் போகவேண்டும் என்று சர்ச்சில் முழங்கால் போட்டு ஜெபித்திருக்கிறேன். அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

அடுத்த வருஷம் அவரே காரில் ஆம்பூர் வந்தார். புது ரத்த மாதிரிகளில் மறுபடி செய்து காட்டும்படி, கட்டுரையை அனுப்பியிருந்த ஆய்வுப் பத்திரிகை கேட்டிருந்ததாம்.

"பசங்க பண்ணா ஒண்ணுமே வரமாட்டேங்குதும்மா. வெளிநாட்டு கிட்டு வேற. நீ எப்படி எடுத்தே?"

கேட்டவுடன் எனக்குப் புரிந்தது. ஆர்என்ஏ பிரித்தெடுக்க ரெடிமேடாக வரும் கிட்டு எதையும் எனக்கு யாரும் வாங்கித் தந்ததில்லை. உப்பும் ஆல்கஹாலும் ஊற்றிப் படியவைத்துத்தான் எடுத்தேன். அந்தக் கிட்டின் வடிகட்டி பெரிய ஆர்என்ஏவை மட்டுமே பிடிக்கும். சின்னத் துண்டுகள் ஒழுகிக் கழுவுதொட்டியில் போய்விடும். என் நோட்டில் 'வழக்கமான முறை' என்று மட்டும்தான் இருந்தது. வழக்கம் எது என்று ஒரு நாளும் அவர் கேட்டதில்லை.

"ஸ்பெஷலா ஒண்ணும் இல்ல சார். கிட்டுல போட்டிருக்கற மாதிரியே பண்ணச் சொல்லுங்க" என்றேன்.

நிம்மதியாக எழுந்தவர், வாசலில் நின்று பையிலிருந்து கட்டுரையின் முதல் தாளை எடுத்தார். "சொல்ல மறந்துட்டேன். உன் பேரை முதல்ல போட்டுட்டேன். அப்ப நான் பண்ணது தப்பும்மா."

கட்டுரைத் தலைப்புக்குக் கீழே என் பெயரை அன்றுதான் பார்த்தேன். 'கிட்டைத் தூக்கிப் போடுங்க சார்' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். கட்டுரை வந்திருக்கும், பட்டமும் வந்திருக்கும். பிலிமைத் தூக்கிக் காட்டியபோது சிரித்தவர்களின் சிரிப்பு காதிலேயே இருந்தது; சொல்லவில்லை. வேறு ஊர்க்காரர்கள் பின்னால் அதையே கண்டுபிடித்துச் சொல்லிவிட்டார்கள், நோயாளிகளுக்கு என்னால் நஷ்டமில்லை. எங்கள் கட்டுரை மட்டும் வரவேயில்லை. இன்றும் நான் டெக்னீஷியன்தான்.

அன்று அந்தத் தாளை அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்து, கார் வரை கூடவே போய், "பார்த்துப் போய்ட்டு வாங்க சார்" என்றேன்.