அத்தை ஒப்புக்கொள்ளாத முடிவு

அந்த ஆண்டு சாரல் பொய்க்கவில்லை. நான் கல்யாணமாகி, குற்றாலத்துக்குப் பக்கத்தில் இருக்கும் குத்துக்கல்வலசை வீட்டுக்கு வந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. என் கணவரின் அக்கா, மதினி, அருவியில் குளிப்பதற்கென்றே லீவு போட்டுச் சென்னையிலிருந்து வந்திருந்தார். வந்த அன்றே குற்றாலம் போனோம். மெயின் அருவியில் பாறையே தெரியாமல் வெள்ளம் கொட்டியது. கயிறு கட்டி யாரையும் கிட்டே விடவில்லை. ஐந்தருவியிலும் அதே கதை. ரம்புட்டான் பழம் வாங்கித் தின்றுகொண்டே, ஆட்டோவின் இரண்டு பக்கமும் அடித்த மழையில் தொப்பலாக நனைந்து திரும்பினோம்.

எங்களோடு சேர்ந்து ஒரு புத்தகமும் நனைந்துவிட்டது. மதினி ரயிலில் படிக்க வாங்கிய தடிமனான மர்ம நாவல். பையிலிருந்து எடுத்தபோது அட்டை தனியே வந்தது. பசை விட்டுப்போய், உள்ளே இருந்தது துண்டு துண்டாகப் பிரிந்தது. மதினிக்கு அழுகையே வந்துவிட்டது. பாதிக் கதையில் நின்றிருந்தார்.

கதை இதுதான். ஒரே ஊரில் இரண்டு மேஜிக்காரர்கள். ஒருவர் மேடையில் புதிதாக என்ன செய்தாலும் அடுத்தவர் அதைவிடப் பெரிதாகச் செய்து காட்டுவார். ஒருநாள் மூத்தவர், தண்ணீர் நிரப்பிய கண்ணாடிப் பெட்டிக்குள் பூட்டுப் போட்டுக்கொண்டு இறங்குகிறார். வெளியே வரவில்லை. யாரோ பூட்டை மாற்றியிருக்கிறார்கள்.

மதினி இதைச் சொல்லிக்கொண்டே பக்கங்களைச் சமையலறைத் தரையில் பரப்பிக் காயவைத்தார். வீட்டில் கரண்ட் இல்லை. செல்போனில் டவர் இல்லை. கரண்ட் ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற மாமா, "எங்கனயோ மரம் விழுந்திருக்கும். நாளைக்குச் சாயந்தரம் வரைக்கும் எதிர்பாக்காதிய" என்று சொல்லிவிட்டார். வேறு என்ன செய்வது? ஆளுக்கொரு துண்டாக எடுத்துக்கொண்டோம். மாமா முதல் துண்டைப் படித்து முடித்தால் என் கணவருக்கு, அவரிடமிருந்து எனக்கு. மதினிக்குப் பாதிக் கதை தெரிந்திருந்ததால் பின்பாதியில் தொடங்கினார். கடைசித் துண்டை மட்டும் யாரும் தொடக் கூடாது, எல்லாரும் சேர்ந்து படிக்க வேண்டும் என்று முடிவாயிற்று.

"அத யாருட்ட குடுத்து வைக்க?" என்றார் என் கணவர்.

"அம்மாட்ட குடுலே. அவ படிக்க மாட்டா" என்றார் மதினி.

அத்தை அதை வாங்கி, அரிசி டப்பாவுக்கு மேலே வைத்தார்.

மறுநாள் மத்தியானம் தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குப் போனேன். அடுப்பில் தேங்காய்ப்பால் சொதி பொங்கி வழிந்துகொண்டிருந்தது. அத்தை ஜன்னல் வெளிச்சத்தில் நின்றபடி, கையில் கரண்டியோடு, கடைசித் துண்டைப் படித்துக்கொண்டிருந்தார். நான் ஓடிப்போய் அடுப்பை அணைத்தேன்.

"ஏட்டி, சத்தம் போடாத. இன்னும் கொஞ்சந்தான் இருக்கு."

"அத்தை, யாருன்னு சொல்லுங்க."

"சொல்ல மாட்டேன் போ." அந்த முகத்தில் அப்படியொரு குறும்பை நான் அதுவரை பார்த்ததில்லை.

சாப்பிட உட்கார்ந்ததும் பேச்சு முழுக்க அந்தப் பூட்டைப் பற்றித்தான். "எதிராளிதான் செஞ்சிருப்பான். அந்தப் பூட்டு வேலை வேற எவனுக்குத் தெரியும்?" என்றார் மாமா. மதினி, மூத்தவரின் மனைவிமேல் சந்தேகப்பட்டார். அவனே பூட்டை மாற்றிக்கொண்டு செத்திருப்பான் என்றார் என் கணவர். எனக்கு மேடை உதவியாளன்மேல் ஒரு கண். அத்தை பரிமாறிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டார். பிறகு மாமாவின் இலைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு மெதுவாக, "எதிராளி எதுக்குங்க அவனக் கொல்லணும்?" என்றார். "அவன் செய்யுத வித்தைய அக்குவேறா ஆணிவேறா புரிஞ்சி ரசிக்குதவன் இவன் ஒருத்தன்தானே. அவன் போயிட்டா இவன் யாருக்குச் செஞ்சி காட்டுவான்?"

மாமா சோற்றைப் பிசைந்தார். "அதுவும் சரிதான்" என்றார். கை கழுவி எழுந்தபோது அவரும் மதினி கட்சிக்குப் போய்விட்டார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. முடிவு தெரிந்த அத்தை சொல்வதால், எதிராளி குற்றமற்றவன் என்று நானும் நம்பிவிட்டேன்.

சாயங்காலம் மழை விட்டது. நாங்கள் முன்னறையில் உட்கார, மதினி கடைசித் துண்டை உரக்கப் படித்தார். பூட்டை மாற்றியது அந்த எதிராளியேதான். பொறாமையில் செய்ததாக அவனே வாக்குமூலம் கொடுக்கிறான்.

மாமா நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தார். "நான் முதல்லயே சொன்னேன்லா! ஏளா, நீதான என்னையக் குழப்பி விட்ட!" பிறகு அவருக்கு ஏதோ உறைத்தது. "நீ இதப் படிச்சிட்டியா?"

"படிச்சேன்" என்றார் அத்தை.

"படிச்சிட்டா அவன் செய்யலன்னு சொன்ன?"

"எழுதுனவரு சொல்லிட்டா ஆச்சா? அவன் யாரையோ காப்பாத்துததுக்குப் பொய் சொல்லுதான். எனக்கு அப்படித்தான் படுது."

நாங்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தோம். அத்தை ஒருவரே எங்கள் நாலு பேருக்கும் பதில் சொன்னார். அதுவரை அந்த வீட்டில் மாமா சொன்னால் அதோடு பேச்சு முடிந்துவிடும். அன்றைக்கு முடியவில்லை. கரண்ட் வந்து மின்விசிறி சுற்றத் தொடங்கியபோது எங்களைச் சுற்றிக் கிடந்த பக்கங்கள் அறை முழுக்கப் பறந்தன. அவற்றைப் பொறுக்கியபடியே சண்டை போட்டுக்கொண்டிருந்தோம்.

அடுத்த நாள் அருவியில் குளிக்க விட்டார்கள். நானும் அத்தையும் மதினியும் பெண்கள் பக்கம் நின்றோம். தலைமேல் தண்ணீர் அறைந்துகொண்டிருக்க, மதினி அத்தையின் காதருகே போய்க் கத்தினார்: "அப்பம் பொண்டாட்டியத்தான் காப்பாத்துதானா?" அத்தையும் திருப்பி என்னவோ கத்தினார். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. இருவரும் சிரித்தது மட்டும் தெரிந்தது.

அந்தப் புத்தகத்தை மாமா பைண்டு செய்து வைத்தார். அத்தை அதன்பின் முன்பகுதியைப் பலமுறை படித்து, தன் பக்கத்துக்கு ஆதாரம் தேடுவார். காலையில் காப்பி கொடுக்கும்போது, "அந்த ரெண்டாவது மேடையில எதிராளி கண் கலங்குதானே, அது நடிப்பா?" என்று கேட்பார். மாமா செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டுப் பதிலுக்குத் தயாராவார். பல வருடங்கள் இப்படியே ஓடின. வெளியே இருந்து கேட்பவர்களுக்கு யாரோ சொந்தக்காரர்கள் வீட்டுக் கொலை என்றுதான் தோன்றும்.

மாமா இப்போது இல்லை. அவர் போன பிறகு அத்தை அந்தப் புத்தகத்தைத் தொட்டே நான் பார்க்கவில்லை. இந்தச் சீசனில் மாடிக்குக் குடிவந்திருக்கும் பெண் படிக்க ஏதாவது கேட்டாள். அத்தை தானே எழுந்து போய் அதை எடுத்துக் கொடுத்தார். போன வாரம் அவள் திருப்பிக் கொண்டுவந்தாள். வெளியே தூறல். வாசலில் நின்றபடியே, "நல்லா இருந்துச்சு ஆச்சி. எதிராளிதான் செஞ்சிருப்பான்னு நான் அப்பவே நெனச்சேன்" என்றாள்.

அத்தை அவளை மேலும் கீழும் பார்த்தார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"இங்கன உக்காரு தாயி" என்றார். "காப்பி குடிச்சிட்டுப் பேசுவோம்."