நாலு வீட்டுத் துணி

இன்று காலை சரசு தையல் மிஷினைக் கூடத்துக்கு இழுத்துப் போட்டுவிட்டு, "இதுக்குக் கொஞ்சம் எண்ணெ விட்டுக் குடுங்க" என்றாள். சரசு என் மனைவி. தேயிலைத் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். கதவு முதல் கட்டில் வரை, வீட்டில் கீச்சென்று சத்தம் போடுகிற எதுவும் என் இலாகாதான். இரண்டு சொட்டு விட்டதும் அந்த வாசனை வந்தது. மிஷின் எண்ணெய்க்கு என்ன பெரிய வாசனை என்பீர்கள். எனக்கு அது எங்கள் மகள் பிறப்பதற்கு முந்தைய மழைக்கால வாசனை.

எழுபதுகளின் கடைசி. கம்போங் ராஜா ஊருக்கு மேலே, தோட்டத்தில் தொழிலாளருக்கு வரிசையாகக் கட்டிய லைன் வீட்டில் இருந்தோம். அப்போதெல்லாம் கேமரன் மலையில் குளிர் என்றால் குளிர். தேங்காய் எண்ணெய் போத்தலுக்குள் சுண்ணாம்பு மாதிரி உறைந்து கிடக்கும். தலை சீவ வேண்டுமென்றால் போத்தலை அடுப்போரம் வைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். நான் வேலைக்குத் தாமதமாகப் போன நாட்களுக்கெல்லாம் இதைத்தான் காரணமாகச் சொன்னேன். வருகைக் கணக்கு எழுதுகிற கிராணி ஒரு நாளும் நம்பியதில்லை.

எங்கள் முதல் பிள்ளை அந்தக் குளிரில்தான் பிறந்தான். ஒரு வாரம்கூட இருக்கவில்லை. தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கிற டிரஸ்ஸர் நெஞ்சில் ஏதோ கோளாறு என்றார். சரசு ஏற்கவில்லை. "குளிருதான் கொண்டு போயிருச்சு" என்றாள். அதற்கு மேல் அதைப் பற்றிப் பேசவே மாட்டாள். மறுபடி உண்டானபோது லைனே சந்தோஷப்பட்டது, அவளைத் தவிர. பேர் யோசிக்கலாமா என்று கேட்டால் எழுந்து தண்ணீர் பிடிக்கப் போய்விடுவாள். ஆசை வைத்தால் இதுவும் போய்விடும் என்று பயம். எனக்கும் பயம்தான். ஆனால் ஃபிட்டருக்குப் பயம் வந்தால் கை சும்மா இருக்காது, எதையாவது கழற்றிப் பார்க்கும்.

அப்படிக் கழற்றுவதற்குக் கிடைத்தது ஒரு நாயின் போர்வை. துரை பங்களாவில் சமையல் செய்த மணியம் என் சிநேகிதன். துரையின் நாய் படுக்கிற கூடையிலிருந்து கிழிந்து போன சின்னப் போர்வையை எறியப் போனவன், பஞ்சு போல மெத்தென்று இருக்கிறதே என்று என்னிடம் கொடுத்துவிட்டான். தோட்டத்தில் தருகிற கம்பளியோ சாக்குக்கு அண்ணன். பிறந்த பிள்ளை மேல் போட முடியாது. இது அப்படியில்லை. தையல்களைப் பிரித்துப் பார்த்தேன். மேலே துண்டு துண்டாக ஒட்டிய துணி, கீழே ஒரு துணி, நடுவில் மெத்து. மூன்றையும் சேர்த்துக் குறுக்கும் நெடுக்குமாகத் தையல். இவ்வளவுதானே, பிள்ளைக்கு ஒன்று தைத்துவிடலாம் என்று நினைத்தேன். நான் இவ்வளவுதானே என்று நினைத்த எதுவும் அவ்வளவோடு முடிந்ததில்லை.

மாமியார் பீடோர் பக்கத்து ரப்பர் தோட்டத்திலிருந்து பிரசவத்துக்கு முன்னமே வந்திருந்தார். நான் துணி வாங்கக் கிளம்பியதைப் பார்த்ததும் வாசலில் மறித்துக்கொண்டார்.

"புள்ள பொறக்கறதுக்கு முன்னாடி புதுத்துணி வாங்கக் கூடாது மாப்பிள்ள. போன தடவ பட்டது போதாதா?"

"பழந்துணின்னா?"

கொஞ்சம் யோசித்தார். "பழசுன்னா சரி. புள்ளைங்க நல்லா இருக்கற வீட்டுல கேட்டு வாங்குங்க. நாலு வீட்டுத் துணின்னா இன்னும் நல்லது."

ஆக, பையைத் தூக்கிக்கொண்டு லைனில் வீடு வீடாகப் போனேன். "என்ன தம்பி, ஃபிட்டர் வேல போயிருச்சா, கந்தலுக்கு அலையுற?" என்று முதலில் கேலி செய்தார்கள். காரணம் தெரிந்ததும் கேலி நின்றுவிட்டது. கங்காணி வீட்டம்மா பழைய பாத்திக் அச்சுக் கைலியை மடித்துக் கையில் வைத்து, "எம் புள்ளைங்க எல்லாம் இதுலதான் பொரண்டுச்சுங்க. கொண்டு போ" என்றார். கிராணி வீட்டில் பூப்போட்ட ஜன்னல் துணி. அடுத்த வீட்டுச் செல்லம்மாக்கா தன் மகளின் நீல நிறப் பள்ளி உடுப்பைக் கொடுத்தாள். அதில் மைக்கறை இருந்தது. "கறையோட தைய்யி, படிப்பு வரும்" என்றாள்.

மாசமாக இருப்பவள் ஊசி எடுக்கக் கூடாது என்பது மாமியாரின் அடுத்த சட்டம். சரசுவும் அந்தப் பக்கமே திரும்பவில்லை. எனவே அவளுடைய மிஷினில் நான் உட்கார்ந்தேன். பெரிய பெரிய இயந்திரங்களைப் பழுது பார்த்தவனை அந்தச் சின்ன மிஷின் பாடாய்ப் படுத்தியது.

முதலில் நடுவில் இலவம் பஞ்சை வைத்தேன். ஒரு முறை அலசியதும் பஞ்சு முழுக்க ஒரு மூலையில் போய்ப் பதுங்கிக்கொண்டது. அடுத்து, துவைத்துத் துவைத்து மெலிந்துபோன பழைய கம்பளியை உள்ளே வைத்தேன். துணி நழுவாமலிருக்கக் கஞ்சி தடவி ஒட்டினேன். வெயில் உள்ள ஊருக்குத்தான் அந்த யோசனை சரி. எங்கள் மூட்டத்தில் அது காயாமல் புளித்துப் போக, லைன் நாய்கள் வாசலில் வந்து நின்றன. மாமியார் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "மாப்பிள்ள, இது போர்வையா பழைய சோறா?" என்றார்.

மூன்றாவதாகக் குண்டூசி குத்தி, ஓரத்திலிருந்து தைத்தேன். மேல்துணி நகர்ந்து நகர்ந்து கடைசியில் மடிப்பு மடிப்பாகச் சுருங்கி நின்றது. பிரித்தேன், தைத்தேன். மறுபடி சுருங்கியது. அது ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், வெளியே மழை. போர்வையைத் தூக்கி மூலையில் எறிந்துவிட்டு, "இது எனக்கு வராதுலா" என்றேன். நான் போர்வையை மட்டும் சொல்லவில்லை.

அடுப்படியில் எனக்கு முதுகைக் காட்டிக் கீரை ஆய்ந்துகொண்டிருந்த சரசு திரும்பாமலே சொன்னாள்:

"நடுவுலேர்ந்து தைங்க. ஓரத்துலேர்ந்து வந்தா சுருங்கத்தான் செய்யும்."

நான் பேசாமல் போர்வையை எடுத்துக்கொண்டு வந்தேன். பேசினால் அவள் எழுந்து தண்ணீர் பிடிக்கப் போய்விடுவாளோ என்று பயம். நடுவிலிருந்து ஒரு கோடு தைத்தேன். கொஞ்ச நேரம் கழித்து, "மெதுவா மிதிங்க. துணியை இழுக்காதீங்க, அதுவா போகும்" என்று வந்தது. அன்று மழை நிற்பதற்குள் போர்வை சுருக்கமில்லாமல் முடிந்தது. கோடுகள் நேராக வந்தன என்று நான் சொல்லவில்லை.

கடைசியாக ஒரு முறை அலசித் தொழிற்சாலை டிரையர் அறையில் காய வைத்தேன். தொழிற்சாலைக்குப் பொறுப்பான டீமேக்கர் பார்த்தும் பார்க்காதவராகப் போனார். போர்வை முழுக்கத் தேயிலை வாசனை.

மகள் பிறந்தாள். லைனின் கடைசி வீடு வரை கேட்கிற அழுகை. மாமியார் முதலில் தன் பழைய சேலையில் சுற்றி, அதன்மேல் போர்வையைப் போட்டார். சரசு அதன் ஒவ்வொரு துண்டாகத் தொட்டாள். "இது கங்காணி வீட்டுது. இது கிராணி வீட்டு ஜன்னலு. இது செல்லம்மாக்கா குடுத்த நீலம்." எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். பிறகு, "இவ பேரு மலரு. நான் எப்பவோ வச்சிட்டேன்" என்று சொல்லிவிட்டு அழுதாள். நானும்தான்.

அந்த லைன் இப்போது இல்லை. அந்தக் குளிரும் இல்லை. எண்ணெய் போத்தல் பாதி நாள் உருகியே கிடக்கிறது. போன மாதம் நாங்களும் ஒரு மின்காற்றாடி வாங்கினோம். மலர் ஈப்போவில் இருக்கிறாள், இது அவளுக்கு ஏழாம் மாதம். அங்கே ஏர்கோன் போட்டு, அந்தக் குளிருக்குப் போர்த்த அதே மாதிரி ஒரு போர்வை வேண்டுமாம்.

எண்ணெயைத் துடைத்துவிட்டு நிமிர்ந்தால் மேஜை மேல் மஞ்சளும் பச்சையுமாகத் துணி. கடை விலைச்சீட்டைக்கூடப் பிய்க்கவில்லை.

"புதுத்துணியா? பொறக்கட்டும்லா சரசு, அப்புறம் தைக்கலாம்" என்றேன். இத்தனை வருஷம் கழித்தும் என் வாயில் வந்தது மாமியாரின் சட்டம்.

அவள் சிரித்தாள். "அதெல்லாம் நல்லபடியா வரும். நீங்க நூலைக் கோத்துக் குடுங்க, எனக்குக் கண்ணு தெரியல."

கோத்துக் கொடுத்தேன். துணியை விரித்து, நடுவில் பழைய கம்பளியை வைத்து, மூன்று அடுக்கையும் உள்ளங்கையால் நீவிவிட்டு, நடுவிலிருந்து தைக்க ஆரம்பித்தாள்.