நயினார் சாப்பிடும் நேரம்

அபிநந்தன் முதலில் ஒரு காலால் அந்தக் கல்லை அழுத்திப் பார்க்கிறார். பிறகு இன்னொரு காலால். ஆடுகிறது என்று உறுதியானதும் குனிந்து, சட்டைப் பையிலிருந்து ஒரு துண்டு சாக்பீஸை எடுத்துக் கல்லைச் சுற்றி வட்டம் போடுகிறார். சாக்கடையை மூடிய கல் அது. இனி தெருவில் யாரும் அதன்மேல் கால் வைக்கமாட்டார்கள். பள்ளிக்கூடம் போகும் குழந்தைகள்கூடத் தாண்டித்தான் போகும். மழையில் வட்டம் அழியும். அவர் மறுபடியும் போடுவார். ஆனால் கல் மட்டும் அப்படியே ஆடிக்கொண்டிருக்கும்.

விடியும் நேரத்தில் எங்கள் தெருவின் நடுவே பட்டுப் பாவு நீட்டியிருப்பார்கள். இழுத்துக் கட்டிய நூலின் இரண்டு பக்கமும் நெசவாளர்கள் நின்று கஞ்சி தடவி நீவிக்கொண்டிருக்க, அபிநந்தன் ஓரமாகத் தலையைக் குனிந்தபடி நடந்து வருவார். அவர் சமணர்; அதனால் தெருவுக்கு அவர் நயினார். எறும்பை மிதிக்கக் கூடாது. தெரு நலச் சங்கத்தின் செயலாளரும் அவர்தான். சாக்கடையைப் பார்க்காமல் போகவும் கூடாது.

"நயினாரு தேடறது எறும்பையா, ஓட்டையையா?" என்று பாவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து முருகேசன் கேட்பார். தெருவில் எல்லோரையும்விட உரத்த குரல் அவருடையது.

"ரெண்டுந்தான்பா. எறும்பு ஒழுங்கா வரிசையில போவுது. உங்க சாக்கடைதான் எங்க போறதுன்னு தெரியாம நிக்குது."

மற்றவர்கள் சிரிப்பார்கள். அவர் சிரிக்கமாட்டார்.

திருப்பருத்திக்குன்றத்தில் அவர் அண்ணன் நிலத்தைப் பார்த்துக்கொள்கிறார். இவருக்குக் கடைத்தெருவில் ஒரு பித்தளைப் பாத்திரக் கடை. கழுத்துவரை பொத்தான் போட்ட வெள்ளைச் சட்டை, கரை தெரியாத வேட்டி. பூச்சியைக் கொன்று எடுப்பது என்பதால் பட்டுத் துணியை உடம்பில் போடுவதில்லை என்று வைத்திருக்கிறார். திரும்பிய பக்கமெல்லாம் பட்டு நூல் கிடக்கும் தெருவில் இருந்துகொண்டு, மூக்குக் கண்ணாடியின் உடைந்த காலைப் பருத்தி நூலால்தான் கட்டியிருக்கிறார். "நம்ம சேலைய வாங்காத ஒரே ஆளப் புடிச்சு நமக்கு செக்ரட்டரியா வச்சிருக்கோம்" என்பது முருகேசன் அடிக்கடி சொல்வது.

அவர் செயலாளரான கதை சிறியது. வெகு நாள் முன்பு தெருக்குழாயில் புழு வந்தது. மனு எழுத ஆள் வேண்டியிருந்தது. இவர் கையெழுத்து நன்றாக இருந்தது. அவ்வளவுதான்.

அப்போது முதல் நகராட்சி அலுவலகத்துத் தாழ்வாரத்தில் உள்ள பெஞ்சில் வாரத்துக்கு ஒரு நாளாவது அவரைப் பார்க்கலாம். குடையை இரண்டு முழங்காலுக்கும் நடுவில் நிறுத்தி, அதன் பிடிமேல் முகவாயை வைத்துக்கொண்டிருப்பார். அலுவலகச் சேவகர் முனுசாமிக்கு அவர் பழகிப்போய்விட்டார்.

"இன்னா நயினாரே, இன்னிக்கி லைட்டா, சாக்கடையா?"

"சாக்கடைப்பா."

"அப்ப கடைசி ரூமு. ஆனா அவரு இல்ல."

"எப்ப வருவாரு?"

"நீங்க போனப்புறம் வருவாரு."

அதற்கும் அவர் சிரிக்கமாட்டார். இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்து பார்ப்பார். திரும்பி வந்தால் தெருமுனையிலேயே நாலு பேர் மறிப்பார்கள். "எழுதிக் குடுத்தாச்சு. போய்க் கேக்கணும்" என்பார். அவர் வாயில் அதிகம் வரும் வார்த்தை இதுதான். சின்னப் பிள்ளைகள் விளையாட்டில் அவரைப்போல நடிக்கும்போது குச்சியைக் குடையாக ஊன்றிக்கொண்டு, "எழுதிக் குடுத்தாச்சு" என்றுதான் ஆரம்பிப்பார்கள்.

தெருவிளக்கு எரிந்தால் அது மின்சாரம். எரியாவிட்டால் அது நயினார். அதை மாற்ற ஆள் வந்து ஏணி சாத்தும்போது இவர் அடியில் நின்று ஏணியைப் பிடித்துக்கொள்வார். விளக்கு எரிந்ததும் ஏணிக்காரர் போய்விடுவார். வெளிச்சத்தில் எல்லோரும் தத்தம் வேலையைப் பார்ப்பார்கள். யாரும் எதுவும் சொல்வதில்லை. இவரும் எதிர்பார்த்து நிற்பதில்லை. கையில் ஒட்டிய அழுக்கைக் குழாயில் கழுவிக்கொண்டு போவார்.

அவர் பேரில் குறையே இல்லை என்று சொல்லமுடியாது. பிறர் எழுதிய மனுவை அவரால் அப்படியே கொண்டுபோக முடியாது. முதலிலிருந்து தானே எழுதவேண்டும். ஒருமுறை மின்சார ஆளைக் கூட்டிவர முருகேசனை அனுப்பினார். முருகேசன் சைக்கிளில் ஏறியதும் இவர் குடையை எடுத்துக்கொண்டு வேறு சந்து வழியாகக் கிளம்பிவிட்டார். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் போய் நின்றார்களாம்.

"என்னிய அனுப்பிச்சிட்டு நீங்களும் வந்தா, நான் எதுக்கு நயினாரே?"

"இல்லப்பா, நீ வந்துட்டியான்னு பாக்கத்தான் வந்தேன்."

பொழுது சாய்வதற்குள் அவர் சாப்பிட்டாக வேண்டும். விளக்கு வைத்த பிறகு ஒரு பருக்கை வாயில் போடுவதில்லை. அது அவர்கள் குல வழக்கம். அதற்காகவே கடையை மருமகன் சந்திரநாதனிடம் விட்டுவிட்டுச் சீக்கிரம் வீட்டுக்கு வருவார். சமையல் உள் இருட்டாக இருக்கும். வீடு மேற்குப் பார்த்தது என்பதால் மாலை வெயில் தெருக்கதவு வழியாகக் கூடத்தில் விழும். அந்த வெளிச்சத்தில், கதவை ஒட்டி மணையைப் போட்டு உட்கார்வார். சாப்பிடும்போது பேசமாட்டார். ஒரு வார்த்தை பேசினாலும் அந்தச் சாப்பாடு அத்தோடு முடிந்தது, மேலே தொடமாட்டார்.

தெருவில் பாதிப் பேர் தறியிலிருந்து எழுந்து முதுகை நிமிர்த்தும் நேரமும் அதுதான். வாசலுக்கு வருவார்கள். எதிரே திறந்த கதவுக்குள் செயலாளர் உட்கார்ந்திருப்பார். உடனே எல்லாம் ஞாபகம் வந்துவிடும்.

"நயினாரே, கோச்சிக்காதீங்க, சாப்ட்டுக்கினே கேளுங்க. அந்தச் சாயத் தண்ணிய மறுபடியும் எங்க வூட்டாண்ட வுட்டுட்டாங்க..."

சாப்பிட்டுக்கொண்டே கேட்பது என்பது அவரிடம் கிடையாது. பேசாமல் இருந்து பார்ப்பார். இரண்டாவது ஆள் வந்து சேர்வார். மூன்றாவது ஆள் வந்து முதல் ஆளோடு சண்டை பிடிப்பார். "இருங்கப்பா, ஒண்ணொண்ணா சொல்லுங்க" என்று அவர் வாய் திறந்ததும், அவர் மனைவி சுகுமாரி வந்து தட்டை எடுத்துக்கொண்டு போவார். எல்லோரும் போன பிறகு வானம் கறுத்திருக்கும். மறுநாள் காலைவரை தண்ணீர்கூடக் கிடையாது. மீந்த சோற்றை சுகுமாரி வாசலில் வந்து நிற்கும் பசுவுக்கு வைப்பார்.

"சங்கத்தால நல்லா இருக்கறது இந்த மாடு ஒண்ணுதாம்மா" என்று எதிர்வீட்டுக்காரியான என்னிடம் ஒரு நாள் சொன்னார்.

இந்த வருஷம் தை மாதத்தில் அபிநந்தன் கடையிலேயே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டுவிட்டார். வயிற்றில் புண் என்றார் டாக்டர். ராத்திரி படுக்கும்போது பாலாவது குடியுங்கள் என்றார். முடியாது என்று தெரிந்ததும், "அப்படீன்னா சாயங்காலச் சாப்பாட்ட ஒரு நாளும் விடாதீங்க. விட்டீங்கன்னா ரத்தமா வரும்" என்று சொல்லி அனுப்பினார். சுகுமாரி வீட்டுக்கு வந்து வேறெதுவும் பேசவில்லை. "செக்ரட்டரி வேல வேணாம்னு எழுதிக் குடுத்துடுங்க" என்றாராம், அவர் வார்த்தையிலேயே. அவரும் மறுக்கவில்லை. உண்மையாகவே ஓய்ந்துபோயிருந்தார். சாக்பீஸ் வட்டம் போட்டுவிட்டு நிமிரும்போது சுவரைப் பிடித்துக்கொள்ள ஆரம்பித்திருந்தார்.

சங்கத்தின் ஆண்டுக் கூட்டம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பள்ளிக்கூடத்துக் கூடத்தில் நடந்தது. பெண்கள் பின்பக்கம் ஜன்னலோரமாக நின்றோம். அபிநந்தன் எழுந்து, சாக்கடை, விளக்கு, குழாய் எல்லாவற்றையும் வழக்கம்போல் சொல்லி முடித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"எனக்கு வயித்துல புண்ணு. வேளைக்கு சாப்பிடலன்னா ஆபத்துன்னு டாக்டர் சொல்லிட்டாரு. இத்தன வருஷம் பாத்துட்டேன். இனிமே யாராவது ஏத்துக்கணும். கேட்டுக்கறேன்."

கூடத்தில் இருந்த அத்தனை பேரும் பச்சாதாபத்தோடு அவரைப் பார்த்தார்கள். பிறகு ஆளுக்கொரு பக்கம் பார்த்தார்கள்.

சங்கத் தலைவர் கிருஷ்ணஸ்வாமி ஓய்வுபெற்ற வாத்தியார். வருஷத்துக்கு ஒருமுறை வந்து நாற்காலியில் உட்கார்வார். "யாராவது முன்வரணும். ரொம்பப் புண்ணியமான காரியம்" என்றார்.

"நீங்களே ஏத்துக்குங்க சார்" என்றது ஒரு குரல்.

"நான் தலைவனாச்சே! ரெண்டு பதவியும் ஒருத்தன்கிட்டயே இருக்கப்படாது. ஜனநாயகம்னு ஒண்ணு இருக்கோன்னோ!"

முருகேசன் எழுந்தார். "எனக்கு ஆசதாம்பா. தறிய வுட்டுட்டு அந்த ஆபீஸ் பெஞ்சில யாரு குந்திக்கினு இருக்கறது? நான் ஒரு நாள் போனா ஒரு நாள் நெசவு நின்னுபோவுது."

மளிகைக்கடை நமச்சிவாயம் கடையில் ஆள் இல்லை என்றார். "நயினாரு போனாலாச்சும் பெஞ்சில உக்காரச் சொல்றாங்க. நாம போனா, வெளிய நில்லுன்றாங்க" என்றார் இன்னொருவர். எல்லோரும் ஆமாம் ஆமாம் என்றார்கள். அபிநந்தன் நின்றுகொண்டே இருந்தார். உட்காரச் சொல்லவும் யாருக்கும் தோன்றவில்லை.

நமச்சிவாயம்தான் மறுபடியும் வாயைத் திறந்தார். "நான் ஒண்ணு சொல்றேன். நயினாருக்குக் கஷ்டம் சங்கத்தால இல்ல, சாப்பாட்டால. அதுக்கு ஒரு வழி பண்ணிட்டா?"

முருகேசன் துள்ளி எழுந்தார். "கரெக்டாச் சொன்னே! நயினாரு சாப்ட்டு கை கழுவற வரிக்கும் அவரு வூட்டாண்ட ஒருத்தரும் போவக்கூடாது. பேச்சுக் குடுக்கக் கூடாது. மீறிப் போனா நான் கேப்பேன். தீர்மானமாப் போட்டுக்கலாம்."

கூடம் முழுக்கக் கை தட்டியது. பெண்கள் பக்கத்திலும் தட்டினார்கள். எல்லோர் முகத்திலும் ஒரு நல்ல காரியம் செய்துவிட்ட நிம்மதி. கிருஷ்ணஸ்வாமி ஏகமனதாக நிறைவேறியதாக அறிவித்தார். தீர்மானத்தை எழுதவேண்டும் என்றதும் எல்லோரும் திரும்பிப் பார்த்த இடத்தில் அபிநந்தன்தான் நின்றார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்து எழுதினார். எழுதியதை வாசித்தும் காட்டினார், சாக்கடைத் தீர்மானங்களை வாசிக்கும் அதே குரலில்.

"கேட்டது ஒண்ணு, குடுத்தது ஒண்ணு" என்றார் சுகுமாரி, என் பக்கத்தில். கூட்டம் கலைந்து கொஞ்ச தூரம் நடந்த பிறகு, "சரி, இதாவது நிக்குதா பாக்கலாம்" என்றார்.

மறுநாள் பிற்பகல் நகராட்சி ஆட்கள் வந்து, பல நாளாக எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்த சாக்கடையை ஒருவழியாகத் தூர்வாரினார்கள். அள்ளிய சேற்றைச் செல்லியம்மாள் வீட்டுக்கும் தையல்நாயகி வீட்டுக்கும் நடுவில் குவித்துவிட்டுப் போய்விட்டார்கள். காய்ந்த பிறகு வண்டி வந்து எடுக்குமாம்.

பொழுது இறங்கியது. சுகுமாரி கூடத்தில் மணையைப் போட்டார். தட்டை வைத்தார். பிறகு வந்து ஒரு கதவை முழுக்கச் சாத்தி, இன்னொரு கதவை வெளிச்சம் விழும் அளவுக்கு மட்டும் விட்டுவைத்தார். அந்தக் கதவைப் பகலில் சாத்தி நான் பார்த்ததில்லை. முருகேசன் தன் வாசற்படியில் காவல்காரர்போல உட்கார்ந்திருந்தார்.

செல்லியம்மாள் துடைப்பத்தை எடுத்துவந்து சேற்றை அந்தப் பக்கமாக ஒரு தள்ளு தள்ளினார்.

தையல்நாயகி வெளியே வந்தார். "இன்னாக்கா, உங்க வூட்டுச் சேத்த இங்க தள்ளுறீங்க?"

"எங்க வூட்டுச் சேறா? ஏம்மா, சேத்துல என் பேரு எழுதியிருக்குதா?"

"எழுதல. நாத்தத்திலயே தெரியுது!"

இரண்டு குரலும் ஏறின. தெருவின் இரண்டு பக்கமும் ஆட்கள் வாசலுக்கு வந்தார்கள். முருகேசன் எழுந்து கையை விரித்துக்கொண்டு ஓடினார்.

"அடங்குங்கம்மா! நயினாரு சாப்டறாரு! நேத்துதான கை தட்டினீங்க?"

இருவரும் சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டார்கள். எதிரே சாத்தியிருந்த கதவைப் பார்த்தார்கள். ஆனால் சேறு அங்கேயேதான் இருந்தது. செல்லியம்மாள் குரலை இறக்கிக்கொண்டு, "நீ அன்னிக்கே இப்பிடித்தான்டி" என்று ஆரம்பித்தார். தையல்நாயகி அதைவிட மெதுவாகப் பதில் சொன்னார். கூட்டம் நுனிக்காலில் நெருங்கி வந்தது. கட்சி பிரிந்து, எல்லோரும் கிசுகிசுவென்று வாதாடினார்கள். மணி அடித்துக்கொண்டு சைக்கிளில் வந்த ஒருவரை நாலு பேர் சேர்ந்து உதட்டில் விரல் வைத்து அடக்கினார்கள். துடைப்பம் மேலே போய் வந்தது. கைகள் நீண்டன, மடங்கின. நமச்சிவாயம் கடையை விட்டு வந்து நடுவில் புகுந்து ஏதோ சொன்னார்; இரண்டு கட்சியும் சத்தமில்லாமல் அவர்மேல் பாய்ந்தன. அவ்வளவு பெரிய சண்டையில் துடைப்பத்தின் சரசரப்பு மட்டும்தான் கேட்டது.

என் வாசலில் நின்ற எனக்குக் கதவு இடுக்கில் அவர் தட்டும் வலது கையும் தெரிந்தன. முதலில் கை ஒழுங்காகப் போய்வந்தது. பிறகு மெதுவாயிற்று. பிறகு பிசைந்த சோற்றோடு தட்டின்மேலேயே நின்றுவிட்டது.

"சாப்பிடுங்க. யாரும் வரல" என்றார் உள்ளே சுகுமாரி.

அவர் பதில் சொல்லவில்லை. சொன்னால் சாப்பாடு முடிந்துவிடும். தலையைச் சாய்த்து, காதைத் தெருப்பக்கம் வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டார். ஒன்றும் கேட்டிருக்காது. ஒரு வாய் சோறு போட்டுக்கொண்டார். மென்றபடி, உடம்பைக் கொஞ்சம் முன்னால் சரித்து, இடது கையை நீட்டி, சாத்தியிருந்த கதவைச் சத்தம் வராமல் ஒரு சாண் தள்ளித் திறந்தார்.